மேற்கத்தியப் பண்பாடு உண்மையிலேயே சரிகிறதா? சரிகிறதென்றால் எதனால்?

பழைய வாசகன்:

கடந்த சில மாதங்களாக ஒரே பொருளைப் பற்றி மாறி மாறிப் படித்துக் குழம்பிப் போயிருப்பதால், இங்கே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பண்பாடு வீழ்ந்துகொண்டிருக்கிறது என்று எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காரணம் என்ன என்ற இடத்துக்கு வந்துவிட்டால், ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு ஒட்டுவதே இல்லை. கடவுள் நம்பிக்கை போனதுதான் காரணம் என்கிறார் ஒருவர். 1960களின் இளைஞர் எழுச்சி குடும்பத்தை உடைத்தது என்கிறார் இன்னொருவர். எல்லாவற்றையும் விற்பனைச் சரக்காக்கிய சந்தைதான் குற்றவாளி என்று மூன்றாமவரும், தொலைக்காட்சியில் தொடங்கிக் கைப்பேசியில் முடிந்த திரைமோகம்தான் என்று நான்காமவரும், குடியேற்றம் என்று ஐந்தாமவரும், பழைய நூல்களைக் கைவிட்ட பல்கலைக்கழகங்கள் என்று ஆறாமவரும் சொல்கிறார்கள். வலதுசாரிகளுக்கு 1968இன் மாணவர் கிளர்ச்சி எப்படியோ, அப்படியே இடதுசாரிகளுக்கு 1980களின் தனியார்மயம்.

என்னைக் குழப்புவது புள்ளிவிவரங்கள்தாம். கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்குப்படி, அமெரிக்காவில் ஏதாவதொரு வழிபாட்டுச் சபையில் உறுப்பினராக இருந்தவர்கள் 1999இல் 70 சதவீதம். 2020இல் அது 47 சதவீதமாகிவிட்டது. விருப்பத்துக்காக அன்றாடம் படிக்கும் அமெரிக்கர்களின் பங்கு 2004இல் 28 சதவீதமாக இருந்தது, 2023இல் 16 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இவற்றைப் பார்த்தால் சரிவு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதே நாட்டில் வன்முறைக் குற்றங்களின் விகிதம் 1991இல் உச்சத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது. 15 முதல் 19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு 1991இல் 62 குழந்தைகள் பிறந்தன, 2022இல் 14கூட இல்லை. மணமுறிவு விகிதமும் 1980ஐ ஒட்டி உச்சம் கண்டு இறங்கிவிட்டது. ஒழுக்கம் கெட்டதால்தான் பண்பாடு சரிந்தது என்றால், ஒழுக்கத்தின் அளவுகோல்கள் என்று அந்தக் காலத்தில் மேடைதோறும் பேசப்பட்ட இந்த மூன்றும் ஏன் தேறி வருகின்றன?

எனவே என் கேள்வி இரண்டு. சரிவது ஒரே பொருளா, அல்லது தொடர்பில்லாத பலவற்றை ஒரே பெயரால் அழைத்துக்கொண்டிருக்கிறோமா? அங்கே வாழ்கிறவர்கள் தங்கள் கண்முன்னே எது போனதைப் பார்த்தார்கள்? கட்சி முழக்கங்களைத் தவிர்த்துவிட்டுப் பதில் சொல்வீர்களானால் நன்றியுடையவனாவேன்.

ஏட்டுச்சுவடி:

காரணங்களுக்குள் போவதற்கு முன்னால் ஒரு சொல்லை மட்டும் நிறுத்தி விசாரித்துவிடலாம் என்று நினைக்கிறேன். மேற்கில் வீழ்ச்சியைப் பற்றி எழுதுவதே ஒரு நீண்ட மரபு, கிட்டத்தட்ட ஓர் இலக்கிய வகை. 1816ஆம் ஆண்டு ஜூலையில், லண்டன் அரண்மனை விருந்தொன்றில் வால்ட்ஸ் நடனம் ஆடப்பட்டதற்காக ‘தி டைம்ஸ்’ நாளேடு தலையங்கம் எழுதிக் கண்டித்தது. ஆணும் பெண்ணும் அத்தனை நெருக்கமாக நின்று ஆடும் அந்த அந்நிய நடனத்திடமிருந்து பெற்றோர் தம் மகள்களைக் காக்க வேண்டும் என்பது அதன் கவலை. இன்று வால்ட்ஸைப் பாட்டி காலத்து நாகரிகத்தின் சின்னமாக நினைத்து ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இது வெறும் வேடிக்கையாக முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். 1892இல் மாக்ஸ் நோர்டாவ் என்ற மருத்துவர், ஐரோப்பியக் கலையே நோயுற்றுவிட்டது என்று ஒரு பெரிய நூல் எழுதினார். வாக்னர், இப்சன், டால்ஸ்டாய், சோலா எல்லாரும் அவருக்கு நரம்புத் தளர்ச்சியின் நோயாளிகள். அவர் தலைப்பாக வைத்த ஜெர்மன் சொல்லுக்குச் சீரழிவு என்று பொருள். 1937இல் மியூனிக் நகரில் நாஜிகள் நவீன ஓவியர்களை இழிவுபடுத்துவதற்காக ஒரு கண்காட்சி நடத்தியபோது, அவர்கள் தலைப்பில் பயன்படுத்தியதும் அதே சொல்தான். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்தார்கள். நோர்டாவோ யூதர். யூதர்களுக்கென்று ஒரு தாயகம் கோரிய சியோனிச இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். தம் சொல் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதைப் பார்க்காமலேயே 1923இல் இறந்துவிட்டார். ‘மேற்கின் வீழ்ச்சி’ என்ற ஸ்பெங்லரின் புகழ்பெற்ற ஜெர்மன் நூலின் முதல் பகுதி வெளிவந்தது 1918இல். முதல் உலகப்போர் முடிவதற்கு முன்பே அதை அவர் எழுதி முடித்திருந்தார். ஆனால் தோற்றுப்போன ஜெர்மனியில்தான் அதற்கு வாசகர்கள் கிடைத்தார்கள். வீழ்ச்சியின் கதையை ஒரு சமூகம் எப்போது விரும்பிக் கேட்கிறது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆகவே, இன்ன ஆண்டிலிருந்து சரிவு என்று யாராவது சொன்னால், அதற்கு முந்தைய ஆண்டில் யாருக்கு என்ன நிலை என்று நான் கேட்பேன். 1950களைப் பொற்காலம் என்கிறவர்கள், சுவிட்சர்லாந்தில் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மனைவியைக் கணவன் வல்லுறவு கொள்வது குற்றமே என்று இங்கிலாந்தின் உச்ச நீதியமைப்பு தீர்ப்பளித்தது 1991இல். பிரிட்டனில் ஒரு நாடகத்தை மேடையேற்றுவதற்கு அரண்மனை அதிகாரியின் அனுமதி வேண்டும் என்ற முறை 1968 வரை இருந்தது. சரிந்துபோன அந்தப் பண்பாட்டில் இவையும் அடக்கம்.

இருப்பினும், எல்லாத் தலைமுறையும் புலம்பியது, ஆகையால் இந்தப் புலம்பலும் பொய் என்று வாதிடுவது சோம்பேறித்தனம். புலி வருது, புலி வருது என்ற கதையில் கடைசியில் புலி வந்தது. நண்பர் காட்டிய இரண்டு எண்களும், அதாவது சபை உறுப்பினர் எண்ணிக்கையும் வாசிப்பும், புலம்பலால் உண்டானவை அல்ல. அவற்றுக்கு விளக்கம் வேண்டும். என்னிடம் நூலறிவு உண்டு, கண்ணால் பார்த்த சாட்சி இல்லை. பார்த்தவர்கள் சொல்லட்டும்.

அளவைக்காரர்:

நான் பதினேழு ஆண்டுகளாக வடமேற்கு இங்கிலாந்தில் கட்டட அளவையாளராக வேலை செய்கிறேன். பழைய கட்டடங்களை வாங்குகிறவர்களுக்காக அளந்து, பழுதுகளைக் குறித்து, வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். இந்தப் பதினேழு ஆண்டுகளில் ஒன்பது தேவாலயங்களை அளந்திருக்கிறேன். ஒன்பதும் குடியிருப்புகளாகவோ அலுவலகங்களாகவோ மாறிவிட்டன. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் காரணம் என்ற சொல்லைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்ததை அதுதான் மாற்றியது.

லங்காஷயரில் பழைய பருத்தி ஆலைகள் இருந்த ஒரு சிற்றூர். அங்கே ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் சேர்த்துக் கட்டிய மெதடிஸ்ட் ஆலயம், அதன் பின்புறத்தில் ஒரு கூடம். கடைசி ஆராதனை நடந்து மூன்று வாரம் கழித்து நான் சாவி வாங்கிக்கொண்டு போனேன். பாடல் எண்களைச் செருகி வைக்கும் மரப்பலகையில் கடைசி நாள் பாடிய நான்கு எண்கள் அப்படியே இருந்தன. ஆனால் நான் அதிக நேரம் நின்றது ஆலயத்துக்குள் அல்ல, கூடத்தின் சமையலறையில். தேநீர் போடும் பெரிய கொதிகலம், ஒரே பச்சை நிறத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட கோப்பைகள், அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிய இரண்டு தாள்கள். ஒன்று தேநீர் முறைப்பட்டியல். ஓர் ஆண்டுக்கான ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதற்கும் நான்கே பெயர்கள் சுழன்று சுழன்று வந்துகொண்டிருந்தன. ஜூனுக்குப் பிறகு மூன்று பெயர்கள். இரண்டாவது தாள் கூடத்தின் வாடகை அட்டவணை. திங்கள் காலை கைக்குழந்தைகளும் தாய்மாரும், திங்கள் மாலை குடியை விட்டவர்களின் கூட்டம், செவ்வாய் சிறுமியர் சாரணர், புதன் முதியோர் மதிய உணவு, வியாழன் பித்தளை வாத்தியக் குழுவின் ஒத்திகை, மாதம் ஒரு வெள்ளி குருதிக்கொடை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர் வந்த கட்டடத்துக்கு வார நாள்களில் இருநூறு பேருக்குக் குறையாமல் வந்திருப்பார்கள். அந்த இருநூறு பேரில் பெரும்பாலோர் இறைநம்பிக்கை உள்ளவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் கூரைக்குச் செலவு செய்ததும், சாவியை வைத்திருந்ததும், காலையில் போய் வெப்பமூட்டியைப் போட்டதும் அந்தப் பதினொரு பேர். கூரைத்தகடு திருடு போயிற்று, கொதிகலன் வெடித்தது, காப்பீட்டுத் தொகை ஏறியது. அவர்கள் கதவைச் சாத்தினார்கள். நம்பிக்கை போனதால் சமூக வாழ்வு போனதா, சமூக வாழ்வு போனதால் நம்பிக்கை போனதா என்று புத்தகங்களில் விவாதிக்கிறார்கள். நான் பார்த்தவரை, ஒன்றின் வீட்டில் மற்றது வாடகைக்கு இருந்தது. வீட்டுக்காரர் போனதும் வாடகைக்காரரும் தெருவுக்கு வந்துவிட்டார்.

2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம்மைக் கிறித்தவர் என்று குறித்தவர்கள் முதன்முறையாகப் பாதிக்கும் கீழே போய் 46.2 சதவீதமானார்கள். சமயம் இல்லை என்றவர்கள் 37.2 சதவீதம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு சிலர் வருந்துகிறார்கள், சிலர் மகிழ்கிறார்கள். பச்சைக் கோப்பைகளைப் பற்றி இரு சாராரும் பேசுவதில்லை.

இதைத் தேவாலயத்தோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது. 1979இல் பிரிட்டனின் தொழிற்சங்கங்களில் ஒரு கோடியே முப்பது லட்சம் உறுப்பினர்கள் இருந்தார்கள், இன்று அதில் பாதிதான். சங்கம் என்றால் ஊதியப் பேச்சுவார்த்தை மட்டுமல்ல. அதற்கொரு மன்றம், மன்றத்துக்கொரு கூடம், கூடத்தில் சனிக்கிழமை பாட்டு. நான் வசிக்கும் ஊரில் நகராட்சி நூலகத்தை மூடவில்லை, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் திறக்கிறார்கள். எந்த இரண்டு நாள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வதற்குள் மக்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். வருகை குறைந்துவிட்டது என்று காரணம் காட்டி இப்போது முழுவதுமாக மூடப்போகிறார்கள். 2018இல் பிரிட்டன் அரசு தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. ஒரு கையால் கூடங்களைப் பூட்டிக்கொண்டு மறு கையால் தனிமைக்கு அமைச்சரை நியமிப்பதை என்னவென்று சொல்வது?

அமெரிக்காவைப் பற்றி அந்நாட்டு அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னம் 1995இல் சுட்டிக்காட்டிய செய்தி இதற்கு நன்றாகப் பொருந்தும். 1980க்கும் 1993க்கும் இடையில் பந்துருட்டும் பௌலிங் விளையாட்டை ஆடியவர்களின் எண்ணிக்கை 10 சதவீதம் கூடியது. ஆனால் குழுவாகச் சேர்ந்து போட்டிகளில் ஆடியவர்கள் 40 சதவீதம் குறைந்துபோனார்கள். ஆட்டம் சாகவில்லை, வாரம் தவறாமல் அதே முகங்களைப் பார்க்க வேண்டிய கட்டாயம்தான் செத்தது. இதற்கு அவர் முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது தொலைக்காட்சி. அமெரிக்க வீடுகளில் 1950இல் நூற்றுக்கு ஒன்பதில் இருந்த அந்தப் பெட்டி, பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய தொண்ணூறு வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது.

குடியேற்றத்தைக் காரணமாகச் சொல்கிறவர்களுக்கு ஒரு வரி. லண்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் நிரம்பி வழியும் ஆலயங்களைப் போய்ப் பாருங்கள். அவற்றை நிரப்புகிறவர்களில் பெரும்பங்கினர் ஆப்பிரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்.

குடும்பஸ்தன்:

அளவைக்காரர் ஐயா எழுதியது மனத்தைத் தொட்டது, மறுக்கவில்லை. ஆனால் கூடத்தைப் பற்றிப் பேசுகிறோம், கூடத்துக்கு வரவேண்டிய மனிதர்களை வளர்க்கும் வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கலிபோர்னியாவில் இருக்கிறேன். 1969இல் அப்போதைய ஆளுநர் ரொனால்ட் ரேகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். இணையர் இருவரில் யார் மீதும் குற்றம் நிறுவாமலேயே மணமுறிவு பெறலாம் என்பது அந்தச் சட்டம், 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் முதலில் இதைக் கொண்டுவந்தது இந்த மாநிலம்தான், மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 1960இல் அமெரிக்காவில் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து, இன்று நாற்பது. பொருளாதாரம், கொதிகலன் என்று நூறு காரணம் சொல்லலாம். ஆனால் சட்டம் என்பது தண்டனை கொடுக்கும் கருவி மட்டுமன்று, எது இயல்பு என்று மக்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரும்கூட. வாக்குறுதி என்பது பிடிக்கும்வரை என்று ஒரு தலைமுறைக்குச் சட்டமே கற்றுக்கொடுத்துவிட்ட பிறகு, தேநீர் முறைப்பட்டியலில் ஓராண்டுக்குப் பெயர் எழுதிக் கொடுக்க யார் முன்வருவார்?

மணமுறிவு விகிதம் இறங்கிவிட்டது என்று கேள்வி கேட்ட நண்பர் ஆறுதல் கொள்கிறார். திருமணமே குறைந்துபோன இடத்தில் மணமுறிவும் குறையத்தானே செய்யும்.

ஏட்டுச்சுவடி:

குடும்பஸ்தன் அவர்களின் கடைசி வரியில் நியாயம் இருக்கிறது. அந்த இறக்கத்தின் ஒரு பகுதிக்கு அதுவே விளக்கம். ஆனால் திருமணம் செய்துகொண்டவர்களிடையேயும் முறிவு குறைந்திருக்கிறது. குறிப்பாகப் பட்டம் பெற்றவர்களின் திருமணங்கள் 1970களில் இருந்ததைவிட நிலைத்து நிற்கின்றன. சட்டம் எல்லாருக்கும் பொது. கற்றுக்கொடுத்தது சட்டம்தான் என்றால், அதிகம் படித்தவர்கள் அந்தப் பாடத்தை ஏன் கற்கவில்லை?

என் ஐயம் வேறு பக்கம் போகிறது. 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. ஒகையோ மாநிலத்தின் யங்ஸ்டவுனில் பெரிய எஃகு ஆலை ஒன்றை மூடப்போவதாக அறிவித்தார்கள். ஏறத்தாழ ஐயாயிரம் பேரின் வேலை போயிற்று. அந்த ஊரில் அந்த நாளைக் கருப்புத் திங்கள் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். பள்ளிப் படிப்போடு நின்ற ஓர் இளைஞன் இருபத்திரண்டு வயதில் வீடு வாங்கித் திருமணம் செய்துகொள்ளத் துணிவு கொடுத்தது இப்படிப்பட்ட ஆலைகளின் ஊதியம். அடுத்த பத்தாண்டுகளில் அந்தப் பள்ளத்தாக்கில் ஆலை ஆலையாக மூடினார்கள். ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் நடுத்தர வயது வெள்ளையர்களிடையே, குறிப்பாகப் பட்டப்படிப்பு இல்லாதவர்களிடையே, போதைமருந்தாலும் குடிநோயாலும் தற்கொலையாலும் நேரும் சாவுகள் பெருகியிருப்பதை அதில் காட்டினார்கள். திருமணம் சரிந்ததும், தேவாலய வருகை சரிந்ததும், ஆயுள் சரிந்ததும் பெருமளவில் இதே மக்களிடையேதான். 1968இன் கலகக்காரர்களோ பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்கள் பிறகு பேராசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் ஆகி, ஒழுங்காகக் குடும்பம் நடத்தினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குற்றம் நிறுவத் தேவையில்லாத மணமுறிவு வந்த மாநிலங்களில், பெண்களின் தற்கொலை குறைந்ததையும் வீட்டு வன்முறை குறைந்ததையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வாக்குறுதியைப் பற்றிப் பேசும்போது இதையும் தராசின் மறு தட்டில் வைக்க வேண்டும்.

டென்மார்க்கையும் எண்ணிப் பாருங்கள். அங்கே பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் திருமணத்துக்கு வெளியேதான் பிறக்கின்றன. ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவர்கள் மிகச் சிலர். கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கிறது. ஆயினும், பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லும் டேனியர்களின் பங்கு 1970களின் இறுதியிலிருந்து கூடிக்கொண்டே வந்து, உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்றாக இருக்கிறது. அமெரிக்காவில் அதே கேள்விக்கு ஆம் என்றவர்கள் 1972இல் 46 சதவீதம், 2018இல் 34 சதவீதம். சமயமின்மையும் குடும்ப மாற்றமும் திரையும் தம்மளவிலேயே நஞ்சு என்றால், டென்மார்க் எப்போதோ செத்திருக்க வேண்டும்.

தச்சன் மகன்:

சற்று வேறு கோணம். திறமையும் பொறுமையும் போய்விட்டன என்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பாரிஸின் நோத்ர்தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தது. 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள். எரிந்துபோன கூரைச் சட்டத்தை இரும்பால் கட்டிவிடலாம் என்று சிலர் சொன்னபோதும், பழையபடியே ஓக் மரத்தால், நடுப்பகுதிக்கான உத்தரங்களைக் கைக்கோடரியால் செதுக்கி, பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தச்சர்களின் வெட்டுக்கோணம் மாறாமல் அமைத்தார்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் பிரான்சிலேயே கிடைத்தார்கள். நன்கொடை மட்டும் 80 கோடி யூரோவுக்கும் மேலே வந்தது.

ஆனால் அளவைக்காரர் சொன்னதற்கு இது எதிர்ச்சான்று அன்று, ஒருவகையில் துணைச்சான்று. 1905ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பிரான்சில் பேராலயங்கள் அரசுடைமை, ஊர்க் கோயில்கள் உள்ளூராட்சிகளின் உடைமை. உலகமே பார்க்கும் கூரைக்குக் கோடிகள் வந்து கொட்டுகின்றன. முந்நூறு பேர் வசிக்கும் ஊரின் கோயில் ஒழுகினால், அந்த ஊர்த் தலைவர்தான் சாலைக்கா கூரைக்கா என்று தலையைச் சொறிய வேண்டும்.

கரும்பலகை:

நான் சுவீடனில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. கூடம், குடும்பம் இரண்டையும் பேசியாகிவிட்டது, வாசிப்பை யாரும் தொடவில்லை. எனவே என் வகுப்பிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன்.

போன பருவத்தில் பதினான்கு வயது மாணவர்களோடு ஒரு நாவல் படித்தோம். உரையாடல் வரும் பக்கங்களில் ஒரு பையன் திரும்பத் திரும்ப, “இதை யார் சொல்கிறார்கள்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மந்தமான பையன் இல்லை. கணினி விளையாட்டுகளின் விதிமுறைகளை ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகப் படித்து எனக்கு விளக்குகிறவன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பேசுகிறவரின் பெயரும் படமும் இருக்கும் எழுத்திலேயே அவன் வளர்ந்திருக்கிறான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பெயர் போடாத வரியைப் படித்து, குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவனுக்குப் புதிய வேலை. நான்கு வாரம் கழித்து அவனே கண்டுபிடிக்கத் தொடங்கினான். இரண்டு முறை என்னைத் திருத்தவும் செய்தான்.

இதை ஒழுக்கச் சரிவு என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். விடச் செய்தவர்கள் பிள்ளைகள் அல்லர். பள்ளிகளில் அச்சு நூல்களை ஒதுக்கிவிட்டுக் கணினிகளை வாங்கிக் குவித்தது நாங்கள்தான், பெரியவர்கள்தான். 2023இல் சுவீடன் அரசு மனம் மாறி, பள்ளிகள் அச்சுப் பாடநூல்கள் வாங்குவதற்கு அந்த ஓராண்டுக்கு மட்டும் 68.5 கோடி குரோனர் ஒதுக்கியது. பக்கத்து நாடான பின்லாந்து, பதினைந்து வயது மாணவர்களுக்குப் பல நாடுகளில் நடத்தும் பிசா தேர்வின் வாசிப்புப் பிரிவில் 2006இல் 547 புள்ளிகள் எடுத்து உலகையே வியக்க வைத்தது, 2022இல் 490. இந்த இறக்கத்தை ஆலை மூடலாலோ குடும்பச் சட்டத்தாலோ விளக்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. டென்மார்க்கில் கைப்பேசி நம்பிக்கையைக் கெடுக்கவில்லை என்று ஏட்டுச்சுவடி ஐயா சொன்னதை ஏற்கிறேன். வாசிப்பை அது விட்டுவைக்கவில்லை என்பதையும் அவர் ஏற்க வேண்டும். ஒரே கருவி ஒன்றைத் தொடாமல் மற்றொன்றைக் கெடுக்கலாம்.

பழைய வாசகன்:

எல்லாருக்கும் நன்றி. சரிவது ஒரே பொருள் அன்று என்பது எனக்கு இப்போது தெளிவாகிவிட்டது. கூடுமிடம் குறைந்ததற்குக் காரணம் வேறு, வாசிப்பு குறைந்ததற்குக் காரணம் வேறு, யங்ஸ்டவுன் போன்ற ஊர்களில் திருமணம் குறைந்ததற்குக் காரணம் வேறு. மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி அதற்கு 1968 என்றோ சந்தை என்றோ பெயரிடும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. குடும்பஸ்தன் அவர்கள் இதை ஏற்க மாட்டார் என்று தெரியும். சட்டம் ஆசிரியர் என்ற அவருடைய கருத்தை நானும் எளிதில் தள்ளிவிடப் போவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் திறக்கும் நூலகமும் மக்களுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்துத்தானே விட்டது.

அளவைக்காரர் ஐயாவிடம் ஒரு சிறிய கேள்வி. அந்தக் கூடத்தின் அட்டவணையில் இருந்தவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

அளவைக்காரர்:

எல்லாரையும் பற்றித் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். பித்தளை வாத்தியக் குழு பக்கத்து ஊரின் தீயணைப்பு நிலையத்துப் பின் அறைக்குப் போய்விட்டது, அவர்களுக்குக் கார்கள் உண்டு. குடியை விட்டவர்களின் கூட்டம் நகரத்துக்கு மாறியது. அங்கிருந்து திரும்பும் கடைசிப் பேருந்து கூட்டம் முடிவதற்கு இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறது. முதியோர் மதிய உணவு நின்றுவிட்டது, உணவுப் பொட்டலத்தை இப்போது வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். சிறுமியர் சாரணரைப் பற்றித் தகவல் இல்லை.

கைக்குழந்தைகளின் தாய்மார் மட்டும் விடவில்லை. ஓராண்டு ஒருவர் வீட்டு முன்னறையில் நெருக்கியடித்துக்கொண்டு நடத்தினார்கள், பிறகு கிரிக்கெட் மன்றத்தின் உடைமாற்றும் அறையைத் திங்கள்தோறும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். போன மாதம் அந்த மன்றத்துக் கூரையைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். உள்ளே போனபோது, தட்டுமுட்டுச் சாமான்களுக்கிடையே அந்தப் பச்சைக் கோப்பைகள் அடுக்கியிருந்தன, எண்ணிப் பார்த்தேன், முப்பத்தாறு. சுவரில் ஒரு முறைப்பட்டியலும் ஒட்டியிருந்தது. அதில் ஏழு பெயர்கள்.